மேலே வராதவன்

ஊமைப் படத்தில் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

எடிட்டர் ஹெட்போனைக் கழற்றிப் பார்த்தான். ஒலியே பதிவாகாத பழைய பயணப் படம் அது. துரைமார் ஆண்ட காலத்தில் அவனுடைய கொள்ளுத்தாத்தா ஏதோ ஒரு தீவுக்குப் போய் எடுத்தது. தென்னை, படகு, சிரிக்கச் சொன்னதால் சிரிக்கும் ஜனங்கள். மாலையில் அவர் நினைவு விழாவில் திரையிட வேண்டும். ஜன்னல் திரையை இழுத்து மூடிய அந்த அறையில், ஏசியின் உறுமலுக்கு அடியில், சூடேறிய கம்ப்யூட்டரின் நெடியைத் தாண்டி, உப்பும் பாசியும் கலந்த ஒரு வாடை எங்கிருந்து என்று தெரியாமல் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது.

"அப்பா, கடல் வாடை அடிக்குதா?"

"உன் சாக்ஸை எங்கயாவது கழட்டிப் போட்டிருப்ப," என்றார், பின்னால் சோபாவில் கால் நீட்டியிருந்த அப்பா.

திரையில் ஓர் இளைஞன் படகின் விளிம்பிலிருந்து தலைகீழாகப் பாய்ந்தான். தண்ணீர் மூடிக்கொண்டது. அத்துடன் ஷாட் முடிந்தது.

"இவன் மேல வரவே இல்லையேப்பா."

"எப்படி வருவான்? ஷாட் நல்லா அமையுற வரைக்கும் உன் கொள்ளுத்தாத்தா விடலையே. திரும்பத் திரும்பக் குதிக்க வச்சாராம். அவன் மாட்டேன்னு சொன்னதும் கூட வந்த வெள்ளைக்கார துரை துப்பாக்கியைத் தூக்கிட்டாராம். கடைசியா போனவன் போனவன்தான்." அப்பா சிரித்தார். "தொழில்ல அவ்வளவு பிடிவாதம் மனுஷனுக்கு."

"இது சிரிக்கிற விஷயமாப்பா?"

"என்னைக்கோ செத்தவனுக்கு இப்ப ஏன்டா ஒப்பாரி? ஷாட்டைப் பின்னாலருந்து ஓட்டு. மேல வந்துட்டுப் போறான்."

ஓட்டினான். கடல் பிளந்தது. முதலில் பாதங்கள், பிறகு இடுப்பு, தோள். இளைஞன் எழும்பி வந்து படகின் விளிம்பில் நின்றான்.

ஷாட் அங்கே முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை.

இளைஞன் திரும்பினான். நேராகக் கேமராவை நோக்கி நடந்து வந்தான். அவசரமில்லாமல். ஈரக் கை லென்ஸை மூடியது. இருட்டு.

எடிட்டர் நிறுத்தும் பொத்தானை அழுத்தினான். மறுபடியும் அழுத்தினான். ஓடிக்கொண்டே இருந்தது.

"அப்பா..."

திரும்பினான். சோபா காலி. மெத்தையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

திரையில் வெளிச்சம் வந்தது. அதே படகு. கறுப்பு வெள்ளையில் அப்பா. அதே கட்டம் போட்ட சட்டை. முதுகில் துப்பாக்கி முனை. குதித்தார். தத்தளித்தார். இழுத்து ஏற்றினார்கள். முதுகில் துப்பாக்கி முனை. குதித்தார்.

இம்முறை தண்ணீர் மூடிக்கொண்டது. திறக்கவில்லை.

படகில் இருந்த ஜனங்கள் கடலைப் பார்க்கவில்லை. ஒவ்வொருவராக முகம் திருப்பி, திரைக்கு வெளியே உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தார்கள். பிறகு, விளிம்பில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு, நகர்ந்து இடம் விட்டார்கள்.