கூப்பிடாத முழங்கால்

ஜெபகனியின் இடது முழங்காலுக்குள் கடுகளவு மணி ஒன்றை வைத்துத் தையல் போட்டதும், டாக்டர் உமையொருபாகம் கண்டிப்பாகச் சொன்னார்.

"ஏழு நாள் கட்டில விட்டு எறங்கப்பிடாது. மணி இப்பதான் பாடம் படிக்குது."

அவள் மூட்டின் உள்ளுறையில் வளர்ந்திருந்த கட்டி ஒரு விசித்திரம். புற்று இல்லை, ஆனால் வெட்ட வெட்ட வரும். அதில் கெட்டுப்போன அணுக்கள் கொஞ்சம்தான். அவை ஓயாமல் 'வா, வா' என்று வேதிக்குரல் கொடுக்க, உடம்பின் காவலணுக்கள் நம்பி ஓடிவந்து மூட்டில் அடைந்துகொள்ளும். வீக்கத்தில் முக்கால்வாசி இந்த அப்பாவிகள்தான். அழைப்படக்கி என்ற அந்த மணி, ஏழு நாள் மூட்டுக்குள் எழும் குரல்களைப் பதிவுசெய்துகொண்டு, பிறகு ஆயுசுக்கும் அவற்றை அமுக்கிவிடும். ஓய்வில் கிடக்கும் காலில் கட்டியின் குரல் மட்டும்தான் எழும் என்பது கணக்கு.

கணக்கு சரிதான். ஜெபகனிதான் கிடப்பவள் இல்லை.

ஆரல்வாய்மொழியில் நூற்றிருபது மீட்டர் காற்றாலைகளில் ஏணி ஏறிப் பழுது பார்ப்பவள் அவள். காற்றுக்காலத்துக்கு முன் ஏற்றத் தேர்வு நடக்கும். தவறினால் தரைவேலை. தரைக்குப் போனவர் யாரும் மறுபடி கோபுரம் ஏறியதில்லை. தேர்வு ஐந்தாம் நாள் வந்தது.

"ஏட்டி, ரெண்டு நாளுதானே பாக்கி?" என்று கெஞ்சினான் கணவன் டென்சிங்.

"டெஸ்ட்டு எனக்காவ காத்துக்கிட்டு நிக்குமா?"

பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள், தேறினாள். வீங்கிய காலோடு மிச்ச நாட்களைக் கட்டிலில் கழித்தாள்.

அதன்பின் மூன்று வருஷம் வீக்கமில்லை, வலியில்லை. மற்றவர்கள் இரண்டு கோபுரம் ஏறும் நாளில் அவள் நான்கு ஏறினாள். ரகசியம் கேட்டவர்களுக்கெல்லாம், "அஞ்சாம் நாளு ஏறிரணும்" என்று பெருமையாகச் சொன்னாள். கட்டியே இல்லாத நல்ல காலில் மணி வைத்துக்கொண்டு, கூட வேலை செய்யும் பன்னிரண்டு பேர் அதேபோல் ஐந்தாம் நாள் ஏறினார்கள்.

முழங்காலின் வருடாந்திர ஸ்கேன் படத்தை டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குருத்தெலும்பு தேய்ந்து, எலும்பில் விரிசல் ஓடியிருந்தது.

"அந்த ஏழு நாள்ல எறங்கினியாம்மா?"

"ஒரே ஒரு தடவ."

"அன்னைக்கு ஏறித் தேஞ்ச மூட்டு, பழுது பாக்க ஆள் கூப்பிட்டிருக்கு. மணி அந்தக் குரலையும் சேத்துப் படிச்சிட்டு. காவலணு வந்தாத்தான் வீக்கம், வலி எல்லாம். மூணு வருஷமா உன் கால் கூப்பிட்டுக்கிட்டே கெடக்கு. யாரும் வரல."

மணியை எடுத்தால் வலி வரும், கட்டியும் வரலாம், ஏற்றமும் போகும். எடுக்காவிட்டால் ஒரு வருஷத்தில் மூட்டே போகும். வலிக்காத காலைக் கெடுத்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்தாள். ஆனால் அந்தப் பன்னிரண்டு பேரின் கால்களும் இப்படித்தான் தேயும் என்பது உறைத்தது. நேராகக் கோபுரத்தடிக்குப் போய்ப் படத்தைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள்.

அவளோடு ஏறும் சுயம்புலிங்கம் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இப்ப ஒனக்கு வலிக்கா?"

"இல்ல."

"பொறவு என்ன?" என்று இடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு ஏணியில் கால் வைத்தான். மற்றவர்களும் சிரித்துக்கொண்டே எழுந்தார்கள்.

ஜெபகனி அங்கேயே நின்று டாக்டருக்குப் போன் போட்டாள்.

"இன்னைக்கே மணிய எடுத்துருங்க டாக்டர். நான் வலியில கத்துனாத்தான் இவிய நம்புவாவ."