ஆறாவது கட்டம்

மாடிப்படி ஏறியதும் இடப்பக்கம் ஒரு சின்ன அறை. அதற்காகத்தான் அந்தப் பழைய வீட்டுக்கு அவள் சரி என்றாள். சுவரில் ஈர வாடை அடித்தது. கதவைச் சாத்தினால் தெருச் சத்தம் அறுத்துப் போட்டதுபோல் நின்றது. வாடை இருந்தால் என்ன, மேஜை போட இடம் இருந்தது.

பகலெல்லாம் மருத்துவமனையில் ரத்தம் எடுக்கிற வேலை. படம் போட விடிகாலை மட்டும்தான் மிச்சம். சிறுவர் வார இதழ் ஒன்றில் அவளுடைய ஒரு பக்க காமிக்ஸ் வந்துகொண்டிருந்தது. திருடன் வீடு போய்ச் சேர்ந்து குளித்துச் சாப்பிட்டுப் படுத்த பிறகே வந்துசேருகிற ஒரு துப்பறியும் ஆமையின் கதை. "உங்க ஆமை லேட்டா வரலாம், நீங்க வரக்கூடாது. ஒரு வாரம் தவறினாலும் வேற ஆளைப் போட்டுடுவேன்" என்று இதழின் ஆசிரியை சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சொன்னதைச் செய்கிறவர்.

ஆகவே ஒரு கணக்கு வைத்துக்கொண்டாள். ஐந்தரைக்கு எழுந்து ஏழு மணி வரை. நாளுக்கு ஒரு கட்டம். ஆறு நாளில் ஆறு கட்டம், ஒரு பக்கம். தலைவலியோ காய்ச்சலோ, அந்த ஒன்றரை மணி நேரத்தை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

கணவர் ரொட்டி வேன் ஓட்டுபவர். நாலு மணிக்கு எழுந்து ஐந்துக்குக் கிளம்பிவிடுவார். அவள் தூக்கம் கெட வேண்டாம் என்று கூடத்தில் படுத்துக்கொள்வார். அவள் உள்ளறையில்.

குடிவந்த இரண்டாவது வாரம், ஒரு காலையில் மேஜை முன் உட்கார்ந்தவள் சட்டென்று எழுந்தாள்.

நாற்காலி சூடாக இருந்தது.

அப்போதுதான் யாரோ எழுந்துபோன சூடு.

மறுநாளும் அப்படித்தான். பென்சில் அவள் வைத்ததைவிடக் குட்டையாக இருந்தது. மை புட்டியின் மூடி சரியாகத் திருகப்படவில்லை. கணவர்மேல்தான் சந்தேகம் போனது. "நாலு கோடு இழுக்க இவ்வளவு ஆர்ப்பாட்டமா" என்று ஒருமுறை சொன்னவர் அவர். தான் எழுவதற்குள் வந்து உட்கார்ந்து நோண்டிவிட்டுப் போகிறாரோ? கேட்டால் சண்டையாகும். கேட்காமல் மூன்று வாரம் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டாள். ஒரு மாலை தாங்கவில்லை.

"என் ரூம்ல உங்களுக்கு என்ன வேலை?"

அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்தார். "நானா? கதவைத் தொட்டதுகூட இல்ல. நீதான் எந்நேரமும் உள்ளயே கிடக்கறியே. கிளம்பும்போது வெளியில நின்னு 'வரேன்'னு சொன்னா ஒரு 'ம்'. அதுக்கு மேல ஒரு வார்த்தை கிடையாது. என்மேல என்ன கோவம்?"

"எப்போ சொன்னீங்க?"

"தினமும்தான். அஞ்சு மணிக்கு."

"அஞ்சு மணிக்கு நான் தூங்கிட்டு இருப்பேங்க."

அவர் மெல்வதை நிறுத்தினார்.

அவள் விளையாடுகிறாள் என்று அவர் நினைத்தார். தன் திருட்டை மறைக்கக் கதை கட்டுகிறார் என்று அவள் நினைத்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே படுக்கப் போனார்கள்.

மறுநாள் புதன்கிழமை. ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே அவள் எழுந்து கூடத்துக்கு வந்தாள். அவர் சட்டை மாட்டிக்கொண்டு, வேன் சாவியோடு தயாராக நின்றார். அவளைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி. "வா, நீயே கேளு" என்றார்.

அந்தச் சின்ன அறையின் மூடிய கதவின் முன் இருவரும் நின்றார்கள். கீழ் இடுக்கில் வெளிச்சம் இல்லை. ஈர வாடையோடு மையின் வாசனையும் வந்தது.

அவர் தொண்டையைச் செருமினார். "வரேன்."

ஒன்றுமில்லை.

அவள் மூச்சை விட்டாள். திட்டுவதற்காக அவர் பக்கம் திரும்பினாள்.

"ம்."

கதவுக்கு அந்தப் பக்கம். வேலையில் மூழ்கியிருக்கும்போது பென்சிலைப் பல்லில் கடித்துக்கொண்டு அவள் சொல்கிற அதே 'ம்'. அவளுடைய குரல்.

அவர் அவள் உதடுகளையே பார்த்தார். அவை மூடியிருந்தன.

கதவைத் தள்ளியது அவர்தான். யாரும் இல்லை. ஜன்னல் உள்ளே தாழிட்டபடி இருந்தது. விளக்கைப் போட்டார். மேஜைமேல் அந்த வாரத்துப் பக்கம். முந்தின நாள் வரை அவள் இரண்டு கட்டம் முடித்திருந்தாள்.

இப்போது மூன்று இருந்தன. மூன்றாவதில் மை இன்னும் காயவில்லை.

"இங்க இருக்க வேணாங்க" என்றாள் அவள்.

வேனில் கூட வேலை பார்ப்பவர் வீட்டில் இரண்டு நாள் தங்கினார்கள். அலைந்து திரிந்து, ஊரின் மறுகோடியில் இரண்டாவது மாடியில் ஒரு வீடு பிடித்தார்கள். சாமான் ஏற்றிய அன்று அந்த அறைக்குள் இருவரும் கால் வைக்கவில்லை. மேஜை, நாற்காலி, பாதிப் பக்கம், எல்லாம் அப்படியே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஆமை போனால் போகட்டும். இத்தனை வாரம் கட்டிக்காத்த ஒழுங்கு போகிறதே என்பதுதான் அவளுக்குப் பெரிய வருத்தம்.

பக்கம் கொடுக்க வேண்டிய திங்கள்கிழமை மதியம், மருத்துவமனை வராந்தாவில் நின்று ஆசிரியைக்கு போன் செய்தாள்.

"மேடம், மன்னிச்சுக்கங்க. வீடு மாத்திட்டோம், அதான் இந்த வாரம்..."

"எதுக்கும்மா மன்னிப்பு? பக்கம் காலையிலயே கைக்கு வந்துடுச்சு. அந்த ஆறாவது கட்டம் இருக்கே, இதுவரைக்கும் நீங்க போட்டதுலயே அதுதான் பெஸ்ட்."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"யார்... யார் கொண்டு வந்து கொடுத்தாங்க?"

"என்ன கேள்வி இது? நீங்கதான். என் மேஜைல வெச்சீங்க, உக்காருங்கன்னேன், தலையை மட்டும் ஆட்டிட்டுப் போயிட்டீங்க. உடம்பு சரியில்லயோன்னு நினைச்சேன்." காகிதம் புரளும் சத்தம். "ஆங், கவர் பின்னால எழுதியிருக்கறதையும் குறிச்சுக்கிட்டேன். 'இனி இந்த முகவரியில் இருப்பேன்.' இரண்டாவது மாடி, கடைசிக் கதவு. சரிதானே?"

அந்த முகவரியை அவள் இன்னும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.