கிணற்றுத் தண்ணீர்

உறிஞ்சும் குழாயில் சளி வரவில்லை, தண்ணீர் வந்தது.

தேனியின் அந்த மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாக இருக்கும் தேவயானிக்கு எரிச்சல் தாங்கவில்லை. காலையிலிருந்து, கிணற்றிலிருந்து மீட்கப்பட்டு நினைவின்றிக் கிடக்கும் சுந்தர்ராஜை ஒருக்களித்துப் படுக்கவைத்து, நெஞ்சைத் தட்டி, வென்டிலேட்டர் குழாய்க்குள் மெல்லிய குழாயை விட்டு உறிஞ்சிக்கொண்டே இருக்கிறாள். நெஞ்சு சுத்தமாகும். கையுறையைக் கழற்றுவதற்குள் மறுபடி களக், களக். பாசி வாடையடிக்கும் சில்லிட்ட தண்ணீர்.

"மெஷின் ஈரம்தாம்மா. டியூபை உதறி விடுங்க," என்றார் டியூட்டி டாக்டர் சசிதரன், போனிலிருந்து கண்ணெடுக்காமல்.

"டியூபையே மாத்திட்டேன் சார். காஞ்சு கிடக்கு."

"அப்ப இன்னொருக்க சக்‌ஷன் போடுங்க."

நேற்றும் இதையேதான் சொன்னார்.

மதியம் சுந்தர்ராஜின் மனைவி பவுனு பார்க்க வந்தாள்.

"கிணத்துல விழுந்தவருக்கு இத்தனை நாளா நெஞ்சுல தண்ணி நிக்காதேக்கா," என்றாள் தேவயானி.

"இவுக விழுகலம்மா. மோட்டார் மாட்டப்போன என் கொழுந்தன் கர்ணன்தான் வழுக்கி விழுந்துச்சு. அதைத் தூக்கத்தான் இவுக குதிச்சாக. இவுக மட்டும்தான் கெடச்சாக." பவுனுவின் குரல் இறங்கியது. "சுருளிப்பட்டியில கிணத்தையே இறைச்சுட்டாக. தரை தெரியுது. அங்கன ஆளக் காணோம்."

அவள் போனதும் மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போய் ஜெனரேட்டர் உறுமியது. அந்த உறுமலுக்கும், வென்டிலேட்டரின் பெருமூச்சுக்கும், கண்ணாடியில் வழியும் மழைக்கும் அடியில், தேவயானி ஸ்டெதஸ்கோப் வைத்த நெஞ்சுக்குள், யாரோ கல்சுவரைப் பற்றி ஏறுவதுபோல ஓர் உரசல் கேட்டது.

வழுக்கல். மறுபடி ஏற்றம்.

"போதும்யா," என்று பல்லைக் கடித்தபடி குழாயை உள்ளே விட்டாள். உறிஞ்சினாள். இழுத்தாள்.

குழாய் வரவில்லை.

பலமாக இழுத்தாள். உள்ளிருந்தும் இழுத்தது.

குழாய் அவள் விரல்களிலிருந்து நழுவி உள்ளே போனது. கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

"சார்! இங்கன வாங்க!"

"ஒரு நிமிஷம்மா."

டியூபைப் பிடுங்காமலிருக்க சுந்தர்ராஜின் இரண்டு கைகளையும் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். அவை அசையவில்லை. கண் திறக்கவில்லை. தொண்டை மட்டும் புடைத்தது.

உதடுகள் பிளந்தன. டியூபின் ஓரமாக, வெளுத்து ஊறிய நான்கு விரல்கள் உள்ளிருந்து வந்து, கீழ்ப்பல் வரிசையை இறுகப் பற்றின.