பழைய முகவரி

திரையின் இடது மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சாம்பல் கட்டம், கண் இமைக்கும் நேரம் வந்துவிட்டுப் போனது.

தட்டச்சு செய்துகொண்டிருந்தவள் கையை எடுத்தாள். சனிக்கிழமை மதியம். அடித்தளத்தில் ஜன்னலே இல்லாத சோதனை அறையில், சூடேறிய பிளாஸ்டிக் வாடைக்கும் ஒன்றோடொன்று சுருதி சேராத மின்விசிறிகளின் இரைச்சலுக்கும் நடுவில், காலையிலிருந்து அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். கம்ப்யூட்டர் படங்களைத் திரைக்குக் கொண்டுவரும் டிரைவர் என்ற மென்பொருளை எழுதுவது அவள் வேலை. "மருமக டிரைவரா இருக்கா" என்று மாமியார் பெருமையாகச் சொல்லப்போய், எந்த ரூட் பஸ் என்று கேட்டவர்களும் உண்டு.

அன்று அவள் செய்தது சின்ன மாற்றம்தான். காட்டவேண்டிய படம் மெமரியில் எந்த முகவரியில் இருக்கிறதென்று டிரைவர் ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொண்டிருந்தது. ஒருமுறை கேட்டதை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். வேகம் பிய்த்துக்கொண்டு போனது. ஆபத்து ஒன்றுதான்: வாடகை வீடு போல, இருந்தவர் காலி செய்து இடம் வேறொருவர் கைக்குப் போனதும், அந்த முகவரியை மறந்துவிட வேண்டும். மறக்காவிட்டால் யாருடைய படமோ திரையில் வந்து நிற்கும்.

கட்டம் மறுபடி வந்தது. இம்முறை போகவில்லை.

ஒரு மேஜை. முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். பின்னல் நுனியில் பச்சை ரப்பர் பேண்ட். பார்த்துக்கொண்டிருந்தவளின் கை தானாகத் தன் பின்னலைத் தொட்டது. அதே பச்சை ரப்பர் பேண்ட். திரையில் இருந்தவளின் கை அசையவில்லை.

விடுப்பில் இருந்த பக்கத்து மேஜைக்காரரைப் போனில் பிடித்தாள்.

"அண்ணா, டெஸ்ட் மெஷின்ல கேமரா ஏதாவது மாட்டினீங்களா?"

"அதுல ஏதும்மா கேமரா? பழைய படம் எதாச்சும் சிக்கியிருக்கும். நினைவுல வச்சிருக்கற கேஷை மொத்தமா காலி பண்ணிப் பாரு."

காலி செய்தாள். காலையில் எழுதியதையெல்லாம் நீக்கினாள். கட்டம் விரிந்து திரை முழுவதையும் அடைத்துக்கொண்டது.

திரையில் இருந்தவள் எழுந்தாள். கொக்கியில் இருந்த பையைத் தோளில் மாட்டினாள். கதவைத் திறந்து வெளியே போனாள்.

முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. திரையிலிருந்து அல்ல.

திரும்பினாள். கொக்கியில் அவள் மாட்டியிருந்த பை இல்லை.

ஓடிப்போய்க் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கதவுப் பூட்டில் வைத்தாள். சிவப்பு விளக்கு. மறுபடி வைத்தாள். சிவப்பு. வாசல் காவலரை அழைத்தாள்.

"கார்டு வேலை செய்யலைங்க. கொஞ்சம் கதவைத் திறந்து விடுங்க."

"யாரு பேசறது?"

"நான்தாங்க. டிரைவர் மேடம்."

அவர் சிரித்தார். "விளையாடாதீங்க. அவங்க இப்பத்தான் என் கண்ணு முன்னாடி கையெழுத்துப் போட்டுட்டுப் போனாங்க. கீழ ஒரு ஆளும் இல்ல."

அரை மணி நேரம் மறுபடி மறுபடி அழைத்தும் அவர் எடுக்கவில்லை. மணி நாலு. மகளுக்கு நீச்சல் வகுப்பு முடிந்திருக்கும். அவசரத்துக்கென்று மகளிடம் கொடுத்துவைத்திருந்த போனுக்கு அழைத்தாள்.

"பாப்பா, அம்மா பேசறேன். அங்கேயே இரு. யார் கூடயும் போயிடாத."

கார் ஓடும் சத்தம்.

"நீங்க யாரு? எங்கம்மா வண்டி ஓட்டிட்டிருக்காங்க."

"ஐயோ, நான்தான்டி பாப்பா..."

அப்போது அவளுடைய சொந்தக் குரல் கேட்டது. மகளிடம் மட்டும் வரும் அதே குழைவு.

"ராங் நம்பரா இருக்கும். வச்சிடுடா தங்கம்."

மீண்டும் அழைத்தாள். போகவில்லை. கணவனுக்கு. போகவில்லை.

கதவைத் தட்டினாள். உதைத்தாள். தொண்டை கிழியக் கத்தினாள். மின்விசிறிகள் இரைந்துகொண்டிருந்தன.

விளக்கு அணைந்தது.

அறையில் ஆள் அசையும்வரை எரியும் விளக்கு அது. யாரும் இல்லையென்றால் தானே அணைந்துவிடும்.

கையை வீசினாள். இரண்டு கைகளையும் வீசினாள். குதித்தாள். எரியவில்லை.

திரையின் வெளிச்சம் மட்டும். தடுமாறிப் போய் அதன் முன்னால் நின்றாள். எதிர்ச் சுவரைப் பார்த்தாள். மேஜையின் நிழல் விழுந்திருந்தது. நாற்காலியின் நிழல் விழுந்திருந்தது.

மெல்லக் கையை உயர்த்தினாள்.

சுவரில் எதுவும் உயரவில்லை.