உள்ளே இருப்போர்: 2

கதவருகே உட்சுவரில் இருந்த சிறிய பலகை, உள்ளே இரண்டு பேர் இருப்பதாகக் காட்டியது.

தக்ஷிகா தனியாகத்தான் வந்திருந்தாள். சுவிஸின் பாடன் நகரில் பழைய தொழிற்சாலை ஒன்றின் அடியில் இருந்த அந்த சேர்வர் நிலவறையில், தீப்பிடித்தால் அணைக்கும் வாயுவைப் பாய்ச்சுவதற்கு முன் உள்ளே ஆள் நிற்கிறதா என்று தெரியவேண்டும் என்பதற்காக வாசலைக் கடக்கும் ஒவ்வொருவரையும் அந்தப் பலகை எண்ணும். சனிக்கிழமை வேலை செய்ய அதற்கும் மனமில்லை போலும் என்று நினைத்துக்கொண்டாள். கோட்டும் அதன் பைக்குள் கைத்தொலைபேசியும் வெளி அறைக் கொளுக்கியில் தொங்கின. நிலவறைக்குள் சிக்னல் கிடையாது, கொண்டு வந்தும் பயனில்லை.

இருட்டுவதற்குள் வீட்டில் நிற்கவேண்டும். மகன் நிலனின் பாலர் பாடசாலையில் இன்று ரேபலியெக்ட்லி ஊர்வலம். குடைந்த கிழங்குக்குள் மெழுகுதிரி ஏற்றிப் பிள்ளைகள் தெருவில் நடப்பார்கள். "அம்மாதான் பத்த வைக்க வேணும்" என்று காலையில் காலைக் கட்டிக்கொண்டு சொல்லியிருந்தான். தகப்பன் இல்லாத பிள்ளை. அவனுக்குக் கொடுத்த சொல்லை அவள் இதுவரை ஒருநாளும் மீறியதில்லை.

வேலை சின்னதுதான். அவளோடு இங்கே வேலை செய்த குகதாசன் அண்ணை விட்டுப்போன வொலியூம்களை, அதாவது டிஸ்க்குகளில் அவர் ஒதுக்கியிருந்த சேமிப்புகளை, துடைக்கவேண்டும். குறியாக்கிப் பூட்டப்பட்ட அந்தச் சேமிப்புகளின் சாவிகளை அலுவலகம் ஏற்கெனவே அழித்துவிட்டது. சாவி போனால் உள்ளே இருப்பதை இனி எவராலும் படிக்க முடியாது. ஆனாலும் சேர்வர் அவற்றைத் திறந்தே வைத்திருக்கும். ஒவ்வொன்றாக மூடி, பிறகு துடைத்தால்தான் டிஸ்க் அடுத்த வேலைக்கு உதவும். அண்ணை போன மாதம் இந்த நிலவறையில், சேர்வர் அடுக்குகளின் கடைசி வரிசையில், தனியாக விழுந்து கிடந்து செத்துப்போனார். காலையில்தான் கண்டெடுத்தார்கள். நல்ல மனிதர். கதவைப் பூட்டிவிட்டுக் கைப்பிடியை இரண்டு தரம் இழுத்துப் பார்க்காமல் ஒருநாளும் போகமாட்டார். தக்ஷிகா அதைச் சொல்லிச் சொல்லிப் பகிடி பண்ணுவாள்.

எல்லாம் மளமளவென்று முடிந்தன. கடைசி ஒன்று மட்டும் மூட மறுத்தது. பயன்பாட்டில் உள்ளது என்றது திரை. என்ன பயன்படுத்துகிறது என்று தேடினாள். எதுவுமில்லை. ஆனால் அந்த டிஸ்க்கின் பச்சை விளக்கு மட்டும் மற்றவை போலப் படபடக்காமல், ஆறுதலாக எரிந்து, ஆறுதலாக அணைந்தது. படுத்திருக்கும் ஒருவரின் நெஞ்சு ஏறி இறங்குகிற வேகம்.

சுவர்த் தொலைபேசியில் ஆருஷை அழைத்தாள். வேலையிடத்தில் அவளுக்கு அடுத்தபடி இருக்கும் பையன்.

"அக்கா, ஆரோ திறந்து வைச்சிருக்கினம். இல்லாட்டி அப்பிடிக் காட்டாது."

"ஆர் திறக்கிறது? சாவியே இல்லையே."

"ரீஸ்டார்ட் மட்டும் பண்ணிப்போடாதேங்கோ. மற்றதெல்லாம் ஓடிக்கொண்டிருக்கு. டிஸ்க்கை ஒருக்கா இழுத்துப் பாருங்கோ."

இழுத்தாள். டிஸ்க் கையில் இளஞ்சூடாக இருந்தது. திரை மாறவில்லை. பயன்பாட்டில் உள்ளது. குளிரூட்டிகளின் இரைச்சலுக்கு நடுவே எங்கிருந்தோ கோடாலித் தைலத்தின் மணம் மெல்ல வந்தது. அண்ணையின் மேசை லாச்சியில் எப்போதும் ஒரு குப்பி இருக்கும். அந்த மேசை போன கிழமையே காலியாகிவிட்டது. ஆள் அசைந்தால் மட்டும் எரியும் விளக்குகள் வரிசைக்கு ஒன்றாக மேலே இருந்தன. அவளுடைய விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கடைசி வரிசையில் இன்னொன்று எரிந்தது.

அவள் அங்கே போய்ப் பார்க்கவில்லை. பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

டிஸ்க்கைத் திரும்பச் செருகினாள். அப்போதுதான் அட்லிஸ்வில்லில் அண்ணையின் வீட்டில் நடந்த எட்டுச் செலவு, எட்டாம் நாள் படையல், நினைவுக்கு வந்தது. அவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைத்து, அறைக் கதவைச் சாத்திவிட்டு ஊரில் ஒழுங்கையில் நிற்பதுபோல எல்லாரும் மாடிக் கட்டடத்தின் நடைபாதையில் காத்து நின்றார்கள். கொஞ்சம் பொறுத்து அவர் மனைவி பத்மினி அக்கா கதவில் மூன்று தரம் தட்டினார். தக்ஷிகா சூரிச்சில் பிறந்தவள். ஏன் தட்டுவது என்று கேட்டாள்.

"உள்ளுக்க நிக்கிற ஆள் போறதுக்குத்தான் தங்கச்சி" என்றார் அக்கா. "வெளியில நிண்டு தட்ட வேணும்."

வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் வாசலுக்குப் போனாள். பலகையில் இன்னும் 2. சாத்தியிருந்த இரும்புக் கதவில் மூன்று தரம் தட்டினாள்.

"அண்ணை, வேலை செய்தது காணும். போங்கோ."

பலகை 1 என்றது.

ஓடிப்போய்த் திரையைப் பார்த்தாள். வொலியூம் மூடிக்கொண்டுவிட்டது. துடைக்கும் கட்டளையைக் கொடுத்தாள். பச்சை விளக்கு அணைந்தது. கண்ணீர் வந்தது அவளுக்கு, அண்ணையை நினைத்தா ஆறுதலிலா என்று தெரியவில்லை. போகலாம். நிலன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலிலேயே இருப்பான்.

தலைக்கு மேலே விளக்கு அணைந்தது.

கையை ஆட்டினாள். எரியவில்லை. எம்பிக் குதித்தாள். எரியவில்லை.

கடைசி வரிசையில் விளக்கு எரிந்தது. பிறகு அதற்கு முந்திய வரிசையில். பிறகு அதற்கும் முந்தியதில். ஆறுதலாக, நடந்து வருகிற வேகத்தில், ஒன்று எரிய மற்றது அணைய, வெளிச்சம் அவள் நின்ற வரிசையையும் கடந்து போயிற்று. வெளிச்சத்தின் கீழே யாரும் இல்லை. தைல மணம் மட்டும் அவள் முகத்தை உரசிக்கொண்டு போனது.

வாசல் கதவு திறந்தது. மூடியது.

பலகையில் 0.

வெளியில் நின்று தட்டவேண்டியதை அவள் உள்ளே நின்றல்லவா தட்டினாள்.

கதவுப் பூட்டில் தன் நுழைவு அட்டையை வைத்தாள். சிவப்பு. மறுபடியும். சிவப்பு. சுவர்த் தொலைபேசியை எடுத்து அழுத்தினாள்.

"ஹலோ?" என்றான் ஆருஷ்.

"ஆருஷ், கதவு திறக்குதில்லை. நான் உள்ளுக்க நிக்கிறன்."

"ஹலோ? ஆர் கதைக்கிறது?"

"நான்தான். தக்ஷிகா அக்கா."

"ஒண்டும் கேக்கேல்லை" என்று யாருக்கோ சொல்லிவிட்டு வைத்தான்.

கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. அதில் முகத்தைப் பதித்தாள். அவளுடைய மூச்சு அதில் படியவில்லை.

வெளி அறையில் ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவளுடைய கோட். அவளுடைய பின்னல். காதில் அவளுடைய தொலைபேசி.

தக்ஷிகா கத்தினாள். கதவில் அடித்தாள். ஓசையே எழவில்லை.

"ஓம் குஞ்சு, வேலை முடிஞ்சுது" என்றது அவளுடைய குரல். "நீ பத்த வைக்காத. அம்மா வந்து பத்த வைக்கிறன்."

பெண் தொலைபேசியைக் கோட்டுக்குள் வைத்தாள். திரும்பி வந்தாள். கண்ணாடியைப் பார்க்கவில்லை.

கைப்பிடியை இழுத்துப் பார்த்தாள். இன்னொரு தரமும் இழுத்துப் பார்த்தாள்.

பிறகு படியேறிப் போனாள்.