நவீன்குமார் ஆடும் மெனு

நவீன்குமாரின் சட்டை நனைந்திருந்தது.

மத்தியானச் சாப்பாட்டை முடித்துக் கை கழுவிவிட்டு வந்த குணசீலன், ஈரக் கையோடு கம்ப்யூட்டர் முன் குனிந்து பார்த்தான். வெளிர்நீலச் சட்டை முதுகிலும் அக்குளிலும் கறுத்து, உடம்போடு ஒட்டிக் கிடந்தது. குணசீலனே எடுத்த வீடியோதான். தை மாதக் குளிரில், இளவரசி என்ற பெண்ணின் கல்யாணத்துக்குப் பெண்ணழைப்பு ஊர்வலம் கிளம்பிய நிமிடத்தில் எடுத்தது. அப்போது அந்தச் சட்டையில் இஸ்திரி மடிப்புகூடக் கலைந்திருக்கவில்லை.

ஜமுனாமரத்தூர் கடைத்தெருவில் அவன் வைத்திருந்தது ஓர் அறை ஸ்டுடியோ. பாஸ்போர்ட் போட்டோ, கல்யாண வீடியோ. காலையிலிருந்து பனிமூட்டம் இறங்கிக் கதவுவரை வந்து நின்றது. எதிர்க்கடையில் மூட்டை கட்டிய புளியின் வாசமும் ஈரச் சாக்கு நாற்றமும் கலந்து உள்ளே வந்துகொண்டிருந்தன.

நவீன்குமார் இறந்து மூன்று மாதம். போளூரிலிருந்து மலையேறும் வளைவில் ராத்திரி பைக் கவிழ்ந்துவிட்டது. அவனுடைய அம்மா காந்தா போன வாரம் வந்து கேட்டது ஒன்றுதான்.

“டிவிடிய உள்ள தள்ளுனதும் என் புள்ள ஆடணும் தம்பி. எந்த பட்டனயும் அமுக்கச் சொல்லாத, எனக்கு அதெல்லாம் வராது.”

அதற்கு மெனுவே ஆட வேண்டும். டிவிடி போட்டதும் முதலில் வந்து நிற்கிற திரையில் படம் அசைய வேண்டும். குணசீலன் ஒவ்வொரு சாஃப்ட்வேராக இறக்கிப் பார்த்தான். முதலாவதில் பூ பார்டரும் புறாவும் இருந்தன, படம் மட்டும் அசையவில்லை. இரண்டாவதில் நவீன்குமார் ஆடினான். ஒரு சுற்று முடிந்ததும் திரை கறுத்துப்போனது. அதைக் காட்டியபோது காந்தா திரையைத் தொட்டு, “ஏன் நின்னுட்டான்?” என்று அழுதாள். மூன்றாவதில் எத்தனை முறை ஓட வேண்டும் என்று கேட்கும் ஒரு பெட்டி இருந்தது. ‘முடிவில்லாமல்’ என்பதைத் தேர்ந்தெடுத்தான். பம்பை மேளத்தில் அடி விழும், நவீன்குமார் கையைத் தூக்கிச் சிரிப்பான், ஒரு சுற்று சுற்றுவான், மறுபடி பம்பை அடி. ஒட்டிய இடமே தெரியவில்லை. இன்று விடிந்ததும் காந்தா அந்த டிவிடியை முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள்.

இங்கே அதே மெனுவை ஓடவிட்டுத்தான் அவன் சாப்பிடப் போயிருந்தான்.

மூடினான். மூல வீடியோவைத் திறந்தான். சட்டை காய்ந்திருந்தது, பையன் சிரித்தான். கண்தான் ஏமாற்றியது என்று நினைத்தான். மனசு ஆறியதும் ஒரு டீ குடித்துவிட்டு வந்து, மெனுவை மறுபடி திறந்தான்.

நவீன்குமார் நொண்டினான்.

பம்பை அடிக்கு நடுவே மூச்சு கேட்டது. தொண்டை வறண்ட, இழுத்து இழுத்து விடுகிற மூச்சு. சிரிப்பு அப்படியே இருந்தது, பல் தெரிய. அதற்கு மேலே கண்கள் சிரிக்கவில்லை. செருப்பில்லாத வலது கால் பட்ட இடத்தில் மண் கறுப்பாக நனைந்திருந்தது.

இங்கே மூடி வைத்திருந்த நேரத்திலும் அவன் ஆடியிருக்கிறான். அந்த மெனு வேறெங்கேயோ ஓடிக்கொண்டிருக்கிறது.

காந்தாவின் வீட்டில்.

குணசீலன் பைக்கை எடுத்தான். ஊருக்கு வெளியே மண்பாதை முழுக்க மூட்டம். சாமைக் கொல்லைகள் தெரியவில்லை, முன்சக்கரம் மட்டும் தெரிந்தது. மேட்டில் ஏறும்போதே பம்பை கேட்டது. அதே நாலு அடி. ஒரு சின்ன இடைவெளி. அதே நாலு அடி.

கதவு சாத்தியிருக்கவில்லை. உள்ளே விளக்கில்லை, டிவி வெளிச்சம் மட்டும். காந்தா தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, தாளத்துக்குத் தொடையில் தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தொடாத சோற்றில் எறும்பு ஏறியிருந்தது.

“அக்கா, அத நிறுத்துங்க.”

“வா தம்பி. நல்லா போட்டுக் குடுத்துகீற.”

“தப்பா வந்துடுச்சுக்கா. வேற போட்டுத் தர்றேன். அவன் காலப் பாருங்க.”

“பாத்தேன்.” அவள் திரும்பவில்லை. “காலைலயே பாத்தேன். உக்காரப் பாக்கறான். முடியல.”

குணசீலன் டிவி பக்கமாக ஓர் அடி வைத்தான்.

“வாய் அசையுது பாரு. அம்மா, போதும்மாங்கறான்.”

“தெரிஞ்சும் ஏங்க்கா…”

“நிறுத்துனா போய்டுவான்.” தொடையில் தட்டும் கை நிற்கவில்லை. “அன்னிக்கி ராத்திரி போவாதடா போவாதடான்னு கால்ல வுழாத கொறையா சொன்னேன். கேட்டானா? இப்ப கேக்கட்டும்.”

அவன் பிளக்கை நோக்கிப் பாய்ந்தான். அவள் அவ்வளவு வேகமாக எழுவாள் என்று நினைக்கவில்லை. மணிக்கட்டில் அவளுடைய நகங்கள் இறங்கின. சுவரோடு சேர்த்துத் தள்ளினாள்.

“கைய வெச்ச, உன் வூட்டு வாசல்ல வந்து மண்ண வாரித் தூத்துவேன். நீதான குடுத்த? நீதான நிக்காம ஆடுவான்னு சொன்ன?”

பம்பை. மூச்சு. பம்பை.

அவள் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தான். பார்க்காமல் இருக்க முடியவில்லை. நவீன்குமாரின் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. வலது பாதம் இருந்த இடத்தில் பாதமென்று சொல்லும்படி எதுவுமில்லை. அதை ஊன்றித்தான் சுற்றினான். சுற்றி முடித்து, அடுத்த அடி விழுவதற்கு முந்தின அந்தச் சின்ன இடைவெளியில், பையன் அம்மாவைப் பார்க்கவில்லை. குணசீலனைப் பார்த்தான். நடுங்கும் இரண்டு கையையும் மெல்லச் சேர்த்தான்.

கும்பிட்டான்.

பம்பை அடித்தது. யாரோ பிடித்து இழுத்ததுபோல அந்தக் கைகள் பிரிந்து மேலே போயின. உதடு விரிந்தது. பல் தெரிந்தது.

காந்தா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினாள்.

“ஆடுடா கண்ணு,” என்றாள். “ஆடு.”