எட்டு மணிக்கு மறையும் திரை

குருவிட்ட பஸ் தரிப்பிடத்தை மழை போட்டுச் சாத்திக்கொண்டிருந்தது. அங்கிருந்து மஹகொல்லத் தோட்டத்துக்கு ஏறுகிற ஓட்டோ ஒன்றே ஒன்றுதான்... தாஸிமுடையது. அதற்குள் ஏறுவதற்கு இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் இரண்டு தலைகள் நுழைந்தன.

இடப்பக்கம், தபால் கந்தோருக்குப் போய்விட்டுத் திரும்பிய கிருஷ்ணகுமாரி. வலப்பக்கம் யாரோ ஒருவன். நனைந்த சட்டை. நெஞ்சோடு அணைத்துப் பிடித்த கறுப்புப் பை. நெற்றியில் ஒட்டிய முடிக்குக் கீழே இரண்டு கண்கள்... அந்த இமையில் ஒரு மழைத்துளி நின்றுகொண்டு, விழலாமா வேண்டாமா என்று யோசித்தது.

ஏறலாமா வேண்டாமா என்று அவளும் யோசித்தாள்.

தாஸிம்தான் முடிவெடுத்தான். இரண்டு பேரும் ஏறுங்கள், இந்த மழையில் இன்னொரு முறை மேலே போக என் வண்டிக்கு உயிர் இல்லை என்று, அவனுக்குச் சிங்களத்திலும் அவளுக்குத் தமிழிலுமாகச் சொன்னான். நடுவில் கறுப்புப் பை உட்கார்ந்துகொண்டது. வண்டி றப்பர் மரங்களுக்கிடையே முனகிக்கொண்டு ஏறியது.

முதல் வளைவில் அவனுடைய போன் அடித்தது. நல்ல சிங்களத்தில் பேசினான். 'ஏதோ சிங்கள மாத்தயா, பெரிய உத்தியோகக்காரர்' என்று நினைத்துக்கொண்டு குமாரி மழையைப் பார்த்தாள். 'மஹகொல்ல' என்ற சொல் காதில் விழுந்ததும் மழையை விட்டுவிட்டாள்.

அவன் சொன்னது இதுதான். மஹகொல்ல ஆபீஸ் கம்பியூட்டரின் திரை, கொழும்பிலிருந்து பார்த்தால் காலை ஏழரைக்கு அழகாகத் தெரிகிறது. எட்டு அடித்ததும் கறுப்பாகிவிடுகிறது. அங்கே வேலை செய்கிற பெண் வருவது எட்டு மணிக்கு. மறுமுனையில் அவனுடைய மேலதிகாரி, இன்றைக்கு ஒன்பதரை ஆகியும் திரை தெரிகிறதே என்றார் போலிருக்கிறது. இவன் சிரித்தான். இன்றைக்கு அந்த மகாராணி இன்னும் வரவில்லையாக்கும் சேர் என்றான். வேலை நேரத்தில் படம் பார்ப்பாள், அது நமக்குத் தெரியாமலிருக்க எதையோ மூடி வைக்கிறாள் என்றான். நாலு மணிக்குள் அறிக்கை தருகிறேன், சரிவராவிட்டால் அந்த வேலையைக் கேகாலை ஆபீஸுக்கு மாற்றிவிடலாம், அந்தப் பெண்ணும் தேவைப்படாது என்றான்.

குமாரியின் விரல்கள் குடையின் கழுத்தை இறுக்கின.

தேவைப்படாது... எவ்வளவு இலேசாகச் சொல்லிவிட்டான். உயர்தரம் படித்துவிட்டு மூன்று வருடம் காத்திருந்து கிடைத்த நாற்காலி அது. அந்தத் தோட்டத்தில் ஒரு பெண்ணுக்குக் கிடைத்த முதல் ஆபீஸ் நாற்காலியும் அதுதான். அது போனால் கொழும்பில் ஏதாவது துணிக்கடை, ஒரு அறையில் எட்டுப் பேரோடு படுக்கை. திரை கறுப்பாவதால், ஒவ்வொரு நாளும் அடித்த கணக்கையெல்லாம் அச்செடுத்து, வாரத்துக்கு ஒருமுறை இப்படி மழையில் நனைந்து, தபாலில் போட்டுவிட்டு வருகிறாளே... அது யாருக்குத் தெரியும்?

ஆபீஸ் வாசலில் இரண்டு பேரும் இறங்கினார்கள். அவள் விறுவிறுவென்று உள்ளே போய், தன் நாற்காலியில் உட்கார்ந்து, கம்பியூட்டரில் தன் பெயரைத் தட்டினாள். ஒரு நிமிடம் ஆகியிருக்காது. வாசலில் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தவனின் போன் அடித்தது. கேட்டான். மெதுவாகத் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான்.

திரை கறுப்பாகிவிட்டது.

"அப்பா," என்றாள் குமாரி, பக்கத்து மேசையிலிருந்த தன் தகப்பன், பெரிய கிளாக்கர் செல்லையாவிடம். "ஹெட் ஆபீஸ்லருந்து ஒரு மாத்தயா வந்திருக்காரு. நான் இங்க படம் பாக்குறேனாம். வர்ற வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வந்தாரு. நமக்குச் சிங்களம் புரியாதுன்னு நெனச்சிட்டாரு போல, பாவம்."

"அப்படி நெனைக்கலீங்க." வாசலிலிருந்து தமிழ் வந்தது. அச்சு அசல் கடைத்தெருத் தமிழ். "எனக்கு ஊரு எம்பிலிப்பிட்டிய. பேரு சுதாகரன். கொழும்புல போன்ல தமிழ் பேசினா பஸ்ல எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க... அதுல வந்த பழக்கம். அந்தப் பொண்ணு நீங்கதான்னு தெரியாது. தெரிஞ்சிருந்தா..."

"தெரிஞ்சிருந்தா?"

"கொஞ்சம் மெதுவாப் பேசியிருப்பேன்."

செல்லையா இருமினார். அது சிரிப்பா இருமலா என்று அந்த ஆபீஸில் முப்பத்து மூன்று வருடமாக யாருக்கும் தெரியாது.

சுதாகரன் வேலையைத் தொடங்கினான். டெலிபோன் வயரை உருவிப் பார்த்தான். மோடத்தை அணைத்துப் போட்டான். திரையைக் கொழும்புக்குக் காட்டுகிற மென்பொருளை அழித்துவிட்டு, பையிலிருந்த சீடித் தட்டிலிருந்து புதிதாக ஏற்றினான். மழைக்கு இணைப்பு தாங்கவில்லையோ என்று நிறங்களைக் குறைத்துப் பார்த்தான். கம்பியூட்டருக்குள் இருக்கிற பாதுகாப்புச் சுவரைக்கூட ஐந்து நிமிடம் நிறுத்தி வைத்தான். ஒவ்வொன்றும் முடிய கொழும்புக்குப் போன். ஒவ்வொரு முறையும் அதே பதில். கறுப்பு.

இங்கே குமாரியின் கண்ணுக்கு எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. அங்கே ஒன்றும் இல்லை. ஒரே திரையை இரண்டு பேர் பார்க்கிறார்கள்... ஒருவருக்குப் பகல், ஒருவருக்கு இருட்டு.

"படம் பாக்குறது எப்படின்னு தெரிஞ்சா சொல்லிக் குடுங்க," என்றாள் அவள். "பழி மட்டும் வந்திருச்சு. பார்த்தபாடில்ல."

அவன் காது சிவந்தது. அதை அவள் கவனித்தாள். கவனித்ததற்காகத் தன் மேலேயே கோபித்துக்கொண்டாள். ஆனாலும் இரண்டு மணிக்குத் தன் சாப்பாட்டுப் பெட்டியின் மூடியில் பாதிச் சோற்றைப் பிரித்து வைத்தாள். அவன் வேண்டாம் என்று ஒரே ஒரு முறைதான் சொன்னான். கருவாட்டுக் குழம்பின் வாசம் இரண்டாவது முறை சொல்ல விடவில்லை.

சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் அவனுக்கு அது தோன்றியது. இவ்வளவு நேரமும் இயந்திரத்தையே பார்த்துவிட்டோம்... ஆளைப் பார்க்கவில்லையே. இல்லை, ஆளைப் பார்த்தோம். ஆள் செய்வதைப் பார்க்கவில்லை.

"ஒரு உதவிங்க. காலைல வர்ற மாதிரியே வெளியே போயி வாங்க. ஒண்ணையும் விடாம செய்யுங்க."

ஒருமுறை முறைத்துவிட்டுப் போனாள். குடையை மூலையில் சாத்தினாள். சுவரிலிருந்த பிள்ளையாரைக் கும்பிட்டாள். உட்கார்ந்தாள். திரையில் முதலில் 'செல்லையா' என்ற பெயர் இருந்தது. அதைத் தொடாமல், வேறொருவர் நுழைவதற்கான பொத்தானை அழுத்தி, அதற்குக் கீழே தன் பெயரைத் திறந்தாள்.

"நில்லுங்க... ஐயா இன்னும் உள்ளுக்குத்தான் இருக்காரா?"

"இருப்பாங்க. காலைல ஏழரைக்கு ஊதுபத்தி காட்டி, ராகுகாலம் பாத்து, அப்பாதான் தொறப்பாங்க. பழைய தோட்டத் தொரை இந்தக் கம்பியூட்டர் வந்த அன்னைக்கே, பெரிய கிளாக்கர்தான் முதல் ஆளுன்னு சொல்லிட்டாரு."

"தொறந்துட்டு வெளியே வரமாட்டாரா?"

"எதுக்கு?"

"நீங்க வந்து அவரை லொக் ஓஃப் பண்ணலாமில்ல."

குமாரியின் கண்கள் அகன்றன. பெரிய கிளாக்கர் உட்கார்ந்திருக்கும்போது அவரை எழுப்பி வெளியே அனுப்பு என்று சொன்னதுபோல் இருந்தது அவளுக்கு. "ஐயோ... அதெப்படிங்க? அவங்க பேரை நான் எடுக்கிறதா?"

அவனுக்குச் சிரிப்பு வாய்வரைக்கும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்தான். விழுங்கிவிட்டான்.

அந்த விழுங்கலை அவள் பார்த்தாள். காலையிலிருந்து முதல் முறையாக அவன் மேலிருந்த கோபம் கொஞ்சம் தளர்ந்தது.

மெதுவாக விளக்கினான். வீட்டுக்குள் இரண்டு அறை இருக்கிறதென்று வையுங்கள். ஐயா முதல் அறையில். நீங்கள் அவரை எழுப்பாமல் இரண்டாவது அறைக்குள் போய் விளக்கைப் போட்டுக்கொள்கிறீர்கள். நீங்கள் போனதும் முதல் அறை இருட்டாகிவிடும். கொழும்பிலிருந்து பார்ப்பவருக்கு முதல் அறையின் ஜன்னல் மட்டும்தான் தெரியும். அதனால்தான் ஏழரைக்கு வெளிச்சம், எட்டு மணிக்கு இருட்டு. வயரில் பிழையில்லை. மழையில் பிழையில்லை.

"அப்ப ஒரு பொத்தான்ல சரியாயிடுமா?"

"சரியாயிடும்."

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. அறிக்கைத் தாளை எடுத்து மேசையில் வைத்தான். அதில் ஒரு கட்டம்... கோளாறுக்கு யார் காரணம்?

ஐயா பெயரை எழுதினால் மாதக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வாசிப்பார்கள், சிரிப்பார்கள், விளக்கம் கேட்டுக் கடிதம் வரும் என்றான். ஓய்வுபெற இன்னும் எட்டே மாதம் இருக்கிறவருக்கு. டெலிபோன் இணைப்பு சரியில்லை என்று பொய் எழுதினால், இந்த வேலையே கேகாலைக்குப் போய்விடும். சுவரில் மணி மூன்றரை.

குமாரி ஜன்னலைப் பார்த்தாள். வெளியே றப்பர் மரங்களின் சிரட்டைகளில் மழைத்தண்ணீர் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

"என் பேரை எழுதுங்க," என்றாள். "தெரியாத்தனமா நான்தான் செஞ்சேன்னு."

"கம்பியூட்டர் தெரியாத பொண்ணுன்னு உங்களை எடுத்துருவாங்க."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"நான் துணிக்கடைக்குப் போனாலும் பொழைச்சுக்குவேன். அப்பா இந்த ஆபீஸ்ல தலை குனிஞ்சு நடக்கிறத என்னால பாக்க முடியாதுங்க."

கலங்கிய கண்களைச் சிமிட்டாமல் வைத்துக்கொண்டாள். சிமிட்டினால் விழுந்துவிடும். சுதாகரன் பேனாவைத் திறந்தான்... மூடினான். காலையில் 'தேவைப்படாது' என்று சொன்ன தன் வாயை நினைத்தான். வெட்கமாக இருந்தது. இந்தப் பெண்ணை விட்டுவிட்டு எப்படி இறங்கிப் போவது என்றும் இருந்தது... அது வேறு விஷயம். அதற்கு அறிக்கையில் கட்டம் இல்லை.

பக்கத்து மேசையில் நாற்காலி நகர்ந்தது.

"குமாரி, எழும்பு."

செல்லையா மூக்குக்கண்ணாடியை வேட்டியில் துடைத்துக்கொண்டு நின்றார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார். அவள் எழுந்தாள். அவர் உட்கார்ந்தார்.

"தம்பி, அந்தப் பொத்தானக் காட்டுங்க."

"ஐயா, நான் வேணும்னா..."

"என் பேரை நான்தான் எடுக்கணும். நீங்க காட்டுனா மட்டும் போதும்." ஒற்றை விரலை நீட்டியபடியே கேட்டார், "அப்ப ரெண்டு வருசமா கொழும்புக்காரங்க என்னோட பக்கத்தைத்தான் பாத்துக்கிட்டு இருந்தாங்களா?"

"ஆமாங்கய்யா."

"மொதல்லயே சொல்லியிருந்தா தலையாவது சீவியிருப்பேன்."

முதலில் குமாரி தன் பெயரை மூடினாள். பிறகு அவருடைய விரல் இறங்கியது. வெளியேறவா என்று திரை கேட்டது. ஒரு கணம் பார்த்தார். ஆம் என்று அழுத்தினார். முப்பத்து மூன்று வருடம் அந்த ஆபீஸைத் திறந்தவர், எழுந்து, தோளில் கிடந்த துண்டால் நாற்காலியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மகளைப் பார்த்து, உட்காரு என்று கையைக் காட்டினார்.

அவள் உள்ளே போனாள். தனியாக.

போன் அடித்தது. மேலிருந்து கீழாக, கட்டம் கட்டமாகத் திரை வந்துகொண்டிருப்பதாக மேலதிகாரி சொன்னார். முழுதாக வந்ததும், முதல் வரியில் அவள் அடித்திருந்ததை அங்கிருந்தே வாசித்துக் காட்டினார். இனி தபால் வேண்டாம். கேகாலையும் வேண்டாம். அந்தப் பெண் இருக்கட்டும்.

குமாரி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

செல்லையா அறிக்கைத் தாளைத் தட்டினார். "எழுதுங்க தம்பி. காரணம், செல்லையா. அதுக்குக் கீழ இன்னொரு வரி இருக்கில்ல... சரிசெஞ்சது யாருன்னு? அதுலயும் செல்லையான்னே போடுங்க. கூட்டத்துல வாசிக்கட்டும். ரெண்டையும் சேர்த்து வாசிக்கட்டும்."

சுதாகரன் அப்படியே எழுதினான். அவர் கையெழுத்தையும் வாங்கினான். பெரிய கிளாக்கரின் கையெழுத்து அந்தத் தாளில் பாதியை எடுத்துக்கொண்டது.

தாஸிமின் ஓட்டோ கீழே வளைவில் ஏறுகிற சத்தம் கேட்டது. ஆபீஸ் விறாந்தையில் இரண்டு பேர். மழை மெலிந்து, நூல் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. பையைத் தோளில் மாட்டினான். கழற்றினான். திரும்பவும் மாட்டினான்.

"இனிமே ஏதாவது கோளாறுன்னா ஒரு போன் போட்டாப் போதுங்க," என்றான். "கொழும்புலருந்தே எல்லாத்தையும் பாத்து சரி செஞ்சிருவேன்."

"அப்ப நீங்க இங்க வரத் தேவையில்ல."

"தேவையில்ல."

"நல்ல வேலைதான் செஞ்சிருக்கீங்க," என்றாள். மெச்சுகிற குரலாக அது இல்லை.

அவன் அவளைப் பார்த்தான். அவள் மழையைப் பார்த்தாள். ஓட்டோவின் சத்தம் கிட்டே வந்தது. இன்னும் ஒரு வளைவு... கேட்டுவிடலாமா? கேட்டால் என்ன நினைப்பான்? கேட்காவிட்டால் தான் என்ன நினைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்?

"ஏங்க..." குரல் அவளுக்கே கேட்கவில்லை. "அந்த வயரை நாளைக்கு நான் கழட்டிட்டா... நீங்க வருவீங்களா?"

சுதாகரனுக்கு ஒரு நிமிடம் மூச்சு வரவில்லை. வந்ததும் அது சிரிப்பாக வந்தது. காது, கன்னம், கழுத்து எல்லாம் சிவந்தது.

"வயரைத் தொடாதீங்க. உங்க வேலைதான் போகும்." ஒரு படி இறங்கினான். மழைக்குள் நின்று நிமிர்ந்து பார்த்தான். "கழட்டாமலே வர்றேன். ஓட்டோவுல உங்களை முதல்ல பாத்தப்பவே பிடிச்சிருச்சுங்க. அதுக்கப்புறம் வாயைத் தொறந்து கெடுத்துக்கிட்டேன்."

"எப்ப வருவீங்க?"

"ஞாயித்துக்கிழமை."

"ஞாயித்துக்கிழமை ஆபீஸ் பூட்டியிருக்குங்க."

"ஆபீசுக்கு வரல," என்றான் சுதாகரன். "அம்மாவைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வர்றேன்."

உள்ளே செல்லையா இருமினார்.

குமாரிக்கு நன்றாகத் தெரிந்தது... அது சிரிப்புதான்.